கிங் தீவு வான்கோழியும் வருஷக் கத்தமும்

2012 செப்டம்பர். ஒரு சனிக்கிழமை காலை மெல்பனில் கிங் தீவுக்கான விமானத்தில் ஏறுமுன் எங்களைத் தராசில் ஏற்றி எடை பார்த்தார்கள். பெட்டியை மட்டுமல்ல, எங்களையும்தான். விமானம் அவ்வளவு சின்னது. துப்பாக்கி பூட்டிய நீளப் பெட்டியிலும் தோட்டாக்கள் தனிப் பெட்டியிலுமாக ஏற்கெனவே அவர்கள் பொறுப்பில் போயிருந்தன. மச்சான் நிஸாம் ஒரு துணிப்பையை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்குள் ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் நீளப்பெட்டி. மூடியின் ஒரு முனை மட்டும் ஆணியில் ஆடும். அந்த மூடியைப் பெட்டியின் விளிம்பில் உரசினால் பெட்டை வான்கோழி கூப்பிடுகிற சத்தம் வரும். அது என் அக்கா பரீதா ராத்தாவுடையது. நிஸாம் மச்சானின் மனைவி. போன செப்டம்பரில் காலமானாள். அடுத்த சனிக்கிழமை மெல்பனில், மச்சானின் கிரெய்கிபர்ன் வீட்டில் அவளுக்கு வருஷக் கத்தம், குர்ஆன் ஓதிச் சாப்பாடு கொடுக்க வேண்டும். அன்றைக்கு வான்கோழிப் புரியாணிதான் என்று மச்சான் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அவரும் ராத்தாவும் நாலு வருஷம் சேர்ந்து போன இதே தீவிலிருந்து, அவர் கையால் சுட்டது.

நான் வேட்டைக்காரன் இல்லை. சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் தோலுரித்த கோழியை நிறுத்து வாங்குகிறவன். மச்சான் போனில் "நீ வந்தாத்தான் சரி" என்றபோது மறுக்க முடியவில்லை.

மெல்பனுக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவில் கடலில் கிடக்கிறது அந்தத் தீவு. ஐம்பது நிமிடப் பயணம். வழி முழுக்க விமானம் குலுங்கியது. என் முகத்தைப் பார்த்த மச்சான் பேச்சுக்கொடுத்தார்.

"நாலு வருஷம், நாலு வான்கோழி. திண்ட ஒருத்தன்ட பல்லுலயும் ஒரு சன்னம் பட்டதில்ல. தெரியுமா உனக்கு? கழுத்துக்குத்தான் வைப்பன்."

சன்னம் என்பது தோட்டாவிலிருந்து சிதறும் பொடி ஈயக்குண்டு. இதை அவர் கல்யாண வீடுகளிலும் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

தீவில் இறங்கியதும் காற்று ஆளைத் தள்ளியது. பண்ணைக்காரி ஹெலன் பின்பக்கம் திறந்த வண்டியோடு காத்திருந்தார். அறுபது வயது இருக்கும். மச்சானின் கையைப் பிடித்தவர் சட்டென்று விடவில்லை. "அவள் இல்லாமல் நீ வருவாய் என்று நான் நினைக்கவில்லை" என்றார் ஆங்கிலத்தில். மச்சான் துப்பாக்கிப் பெட்டியை ஏற்றுவதில் கவனமாக இருந்தார்.

கர்ரி ஊரைத் தாண்டித் தெற்கே அரை மணி நேர ஓட்டம். இருபுறமும் பச்சைப் புல்வெளி, கறுத்த மாடுகள், காற்றுக்கு ஒரே பக்கம் சாய்ந்துபோன மரங்கள். எந்தக் காலத்திலோ யாரோ கொண்டுவந்த வான்கோழிகள் இங்கே காடேறிப் பெருகிவிட்டன. புல்வெளியில் அவை கூட்டமாகத் திரிவதைக் கண்டதும், இவ்வளவு இருக்கும்போது இதிலென்ன வித்தை என்று எனக்குத் தோன்றியது. வண்டி மெதுவாகியது. நாங்கள் கதவைத் திறக்குமுன் கூட்டம் முழுவதும் மேட்டுக்கு அப்பால் போய்விட்டது.

"கண் பொல்லாத கண்" என்றார் மச்சான். "நீ இமைச்சாலும் அதுக்குத் தெரியும்."

அன்று மாலை வேட்டை இல்லை, கேட்பது மட்டும். இருட்டும் நேரம் பறவைகள் எந்த மரங்களில் ஏறி அடைகின்றன என்று வேலியோரம் நின்று கவனித்தோம். ஓடைப் பக்கத்து மரங்களில் பலத்த இறக்கைச் சத்தம். அங்கேதான் காலையில் என்று முடிவானது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மச்சான் எனக்கு வேலையைப் பிரித்துச் சொன்னார். அவர் சுடுவார். நான் மரப்பெட்டியில் கூப்பிட வேண்டும். வெடிச் சத்தம் கேட்டதும் கத்தியோடு ஓட வேண்டும். நாங்கள் ஓதிப் படித்த முறைப்படி சன்னம் பட்டுச் செத்தது ஹலால் ஆகாது. உயிர் பிரிவதற்குள் அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் ஆகும். வேறு மாதிரிச் சொல்லும் மௌலவிமாரும் இருக்கிறார்கள். மச்சான் அவர்களிடம் கேட்கப்போகிற ஆளில்லை. ஹெலனுக்கும் ஒரு சட்டம் உண்டு: தன் காணியில் காயப்பட்ட பறவை இழுத்துக்கொண்டு திரியக்கூடாது, கழுத்துக்கும் தலைக்கும் மட்டுமே சுட வேண்டும். கழுத்தில் பட்டால் உடனே போய்விடும். ஆக, இரண்டு சட்டத்துக்கும் நடுவில் கிடைப்பது சில நொடிகள்தான். மச்சானுக்கு முழங்கால் சரியில்லை. நாலு வருஷமும் ஓடியது ராத்தா.

"உன்ட ராத்தா ஒருக்காலும் பிந்தினதில்ல" என்றார் அவர். ராத்தாவின் கத்தியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பினோம். பச்சையும் மண்ணிறமும் கலந்த உடுப்பு, கையுறை, முகத்துக்கு வலை. குளிருக்கென்று நான் போட்டிருந்த சிவப்புக் கம்பளித் தொப்பியை மச்சான் பிடுங்கிப் பையில் திணித்தார். சேவல் வான்கோழியின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். அந்த நிறம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது, வேறு எவனாவது வேட்டைக்காரன் உன்னையே சுட்டுவிடுவான் என்றார். தோளைவிட அகலமான மரமாகப் பார்த்து முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். சத்தம் கூர்மையாக வர மூடியில் சோக்குக் கட்டியைத் தேய்த்துக்கொண்டேன். ஈரம் பட்டால் பெட்டி ஊமையாகிவிடும் என்று மச்சான் அதைச் சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார்.

வெளிச்சம் வந்ததும் உரசினேன். ஓடைப் பக்கமிருந்து உடனே பதில் வந்தது, கொளகொளவென்று, நெஞ்சுக்குள் கேட்கிற மாதிரி. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மறுபடி உரசினேன். அதுவும் மறுபடி. அரை மணி நேரம் நாங்கள் இருவரும் கதைத்துக்கொண்டே இருந்தோம், அது வரவேயில்லை. பிறகு சத்தமும் நின்றது.

மச்சான் கோபப்படவில்லை. "பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். நீ இப்படி விடாமக் கூப்பிட்டா, அது தானா வரும் எண்டு சேவல் நிண்ட இடத்திலயே நிக்கும். ராத்தா மூண்டு தரம் கூப்பிட்டுப்போட்டுப் பேசாம இருப்பா. பெட்டியைக் கீழ வச்சிருவா. அந்தப் பேசாம இருக்கிறது அதுக்குப் பொறுக்காது. என்ன ஆச்சோ எண்டு தேடி வரும்."

சொல்லிவிட்டுப் பெட்டியை என் கையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். ஒரு வருஷமாக அந்த வீட்டில் அவர் எப்படி இருந்திருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிட்னியிலிருந்து மாதம் ஒருமுறை போன் எடுத்து "சாப்பிட்டீங்களா" என்று கேட்டதோடு சரி நான்.

திங்கட்கிழமைதான் எங்களுக்கு மிஞ்சிய ஒரே காலை. பிற்பகலில் விமானம். அதே மரம். மூன்று தரம் கூப்பிட்டேன். பதில் வந்தது. பெட்டியைக் கீழே வைத்தேன். கை துறுதுறுத்தது, ஆனாலும் தொடவில்லை. பதில் இன்னும் ஒரு தரம் வந்தது, பிறகு கொஞ்சம் கிட்டத்தில். மூச்சு விடவும் பயமாக இருந்தது. மேட்டின் மேல் முதலில் தலை தெரிந்தது. பிறகு சேவல் முழுதாக வந்து நின்று, தோகையை விரித்து, இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. எவ்வளவு அழகு! யாரையும் காணாமல் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

மச்சான் பிஸ்மி சொன்னது எனக்குக் கேட்டது. வெடித்தது.

ஓடினேன். முப்பது காலடித் தூரம் இருக்கும். புல் வழுக்கி ஒரு தரம் விழுந்து எழுந்தேன். இறக்கை இரண்டு அடி அடித்தது, நான் முழங்காலிடும்போது அடங்கிவிட்டது. கண் பாதி மூடியிருந்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். சூடு மட்டும்தான் இருந்தது.

மரத்தடியிலிருந்து மச்சான் கத்தினார். "உசிர் இருக்கா?"

கத்தி என் கையில் இருந்தது. அவருக்கு என் முதுகுதான் தெரியும்.

"இல்ல மச்சான்" என்றேன்.

அவர் நொண்டி நொண்டி வந்து சேர வெகுநேரம் ஆனது. பறவையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

பண்ணையில் அவர் குசினிக்குள் போய் அடுப்போரக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பறவையைக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். ஹெலன் அதை வாங்கி மேசையில் கிடத்திவிட்டு, "வா, வான்கோழி அடைப்புக்குப் போவோம். கொழுத்ததாகப் பார்த்து எடு" என்றார். எனக்குப் புரியவில்லை.

"உன் அக்கா சொல்லவில்லையா? கிறிஸ்மசுக்கு நான் வளர்க்கிறேனே, அதில் ஒன்றை உயிரோடு எடுத்து இங்கேயே அறுப்பாள். சுட்டதை எனக்குத் தந்துவிடுவாள். நாலு வருஷமும் அப்படித்தான். அவனுக்குத் தெரியக்கூடாது என்பாள். அவன் சுட்டது வீணாகப் போனது என்று அவனிடம் சொல்ல எனக்கு மனசு வராது என்பாள்."

ஊருக்குக் கொடுக்கும் சாப்பாட்டை ராத்தா ஒரு நாளும் கெடுக்கவில்லை. மச்சானின் பெருமையையும் கெடுக்கவில்லை. சுட்டது செத்துவிட்டதென்று மச்சானுக்குத் தெரிந்த பிறகு அடைப்புக் கோழியை எடுத்தால், அவள் மறைத்து வைத்த அந்த நாலு வருஷமும் கிழிந்துவிடும். எடுக்காவிட்டால் அவளுடைய கத்தத்துக்கு வெறுங்கையோடு போக வேண்டும். குசினி வாசலில் போய் நின்றேன்.

மச்சான் நிமிராமலே கேட்டார். "அடைப்புல இருக்கிறத எடுக்கச் சொன்னாவா ஹெலன்?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டாம் வருஷமே தெரியும். சுட்ட கோழியில ஒரு சன்னமாவது இல்லாம இருக்குமாடா?"

"பிறகேன் பேசாம இருந்தனீங்க?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "நான் சுட்டுப்போட்டு உசிர் இருக்கா எண்டு கத்துவன். அவ குனிஞ்சு பாத்துட்டுக் கையைத் தூக்குவா. 'இருக்கு மச்சான், இருக்கு' எண்டு சொல்லுவா. அதக் கேக்கத்தான் நான் வருஷா வருஷம் வாறனான்." கோப்பையைத் தள்ளி வைத்தார். "நீ இல்லையெண்டு சொல்லிப்போட்டாய்."

நான் அழுதேன். அவரும் அழுதார். ஹெலன் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அடைப்புக் கோழியை நான்தான் அறுத்தேன், ராத்தாவின் கத்தியால், வாழ்க்கையில் முதல் தடவையாக. பனிக்கட்டிப் பெட்டியில் இறைச்சியை அடுக்கிக்கொண்டு பிற்பகல் விமானத்தில் ஏறினோம். திரும்பும்போது எடை பார்க்கிற இடத்தில் மச்சான் அந்தத் துணிப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தராசில் ஏறி நின்றார். மேலே போனதும் தீவு ஒரு நிமிடத்தில் மேகத்துக்குள் மறைந்தது. வென்ட்வேர்த்விலில் கோழி வாங்குகிற என்னிடம் ஒருநாளும் உயிரைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

சனிக்கிழமை கிரெய்கிபர்ன் வீட்டில் ஓதி முடிந்து, பலர் சேர்ந்து உண்ணும் பெரிய சஹன் தட்டுகள் வந்தன. எங்கள் தட்டைச் சுற்றி ஆறு பேர். எதிரில் மச்சான். மச்சானை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற பக்கத்து ஆள் முதல் கவளத்தை மென்றுகொண்டே கேட்டார்: "நிஸாம் நானா இந்த முறையும் சுட்டதா?"

மச்சான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஓம்" என்றேன் நான். "கழுத்துக்கு வச்சவர். நான் கத்தியோட போகேக்க உசிர் நல்லா இருந்தது."

மச்சான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். தன் பக்கம் கிடந்த பெரிய துண்டை எடுத்து, சஹனில் என் பக்கம் வைத்தார்.