கேட்காமல் வைத்த திருநீறு

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். புதுச்சேரி நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். ஆபரேஷன் முடிந்தவர்களைத் தனியாக வைத்துப் பார்க்கும் வார்டு என் பொறுப்பு. உறவினர்களை உள்ளே விடமாட்டோம்.

நகரத்தை ஒட்டிய மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக வேலை பார்த்த ஒருவரை ஒருநாள் அவசரமாகக் கொண்டுவந்தார்கள். வயது நாற்பத்தைந்துக்குள். குடலில் ஓட்டை. ஆபரேஷன் செய்து, பாதி மயக்கத்தோடு எங்கள் வார்டுக்கு வந்தார். வாசலில் நின்றிருந்த அவர் மனைவி ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் திணித்தார்.

"கோயில் துன்னூறு சிஸ்டர். அவரு நெத்தியில கொஞ்சம் வச்சுடுங்க."

நான் கிறிஸ்தவப் பெண். இருந்தாலும் யோசிக்கவில்லை. கேஸ் ஷீட்டில் மதம் 'இந்து' என்றுதான் இருந்தது. கை கழுவிக்கொண்டு பக்தியாகவே பூசிவிட்டேன். அடுத்தவர் நம்பிக்கையை மதிக்கத் தெரிந்தவள் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

தெளிந்ததும் நெற்றியைத் தடவிப் பார்த்தார். "இத யாரு வச்சது?"

"நான்தாண்ணா" என்றேன் சிரித்தபடி.

ஈரப் பஞ்சு கேட்டார். கொடுத்தேன். அழுத்தித் துடைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சற்று வருத்தம். நல்லது செய்யப் போய் இப்படியா என்று நினைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் அவருக்குக் காய்ச்சல் ஏறியது. வயிறு உப்பியது. உள்ளே குடலில் தையல் போட்ட இடத்தில் கசிவு, உடனே வயிற்றை மறுபடி திறக்க வேண்டும் என்றார் டாக்டர். அவரோ கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். முழு நினைவோடு இருப்பவர் மறுக்கும்போது மனைவியிடம் வாங்கிக்கொண்டு செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேரம் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு ஒன்று புரியவில்லை. ஊசிக்கும் டியூபுக்கும் முகம் சுளிக்காத மனிதர். இப்போது எதற்குப் பயப்படுகிறார்? வெளியே போய் அவர் மனைவியைக் கேட்டேன். அவர் தலைகுனிந்தார்.

"அவருக்கு சாமி, பூதம் எதுவும் கெடையாது சிஸ்டர். எங்க கல்யாணமே ஐயர் இல்லாம மால மாத்திக்கிட்டதுதான். நான் கும்புடறத வேணான்னு சொன்னதில்ல. ஆனா அவரு நெத்தியில வைக்க உடமாட்டாரு. மயக்கத்துல இருக்காரேன்னுதான் உங்ககிட்ட குடுத்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே போய் அவர் கட்டிலருகில் நின்று, "அன்னைக்கு உங்களக் கேக்காம நான் அப்படிச் செஞ்சது தப்புதாண்ணா" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். மூச்சு வாங்கியபடியே பேசினார்.

"துன்னூறுல என்ன இருக்கு, சாம்பல். தொடச்சா போச்சு. ஆனா நெனப்பு இல்லாதவன ஒரு வார்த்த கேக்காம நீங்க என்ன வேணா செய்வீங்கன்னு தெரிஞ்சுபோச்சே. திரும்ப எப்படி மயக்கத்துக்குப் படுப்பேன்?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அவரே கேட்டார்.

"என்ன பண்ணப் போறாங்க? தெரிஞ்சத சொல்லுங்க. தெரியாதத தெரியாதுன்னு சொல்லுங்க."

ஒரு தாளில் குடலை வரைந்து காட்டினேன். உற்றுப் பார்த்தார். "ஜாயின்ட் கசியுது. அழுகுன எடத்துலயே திரும்பத் தச்சா திரும்பக் கசியாதா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொல்லி டாக்டரைக் கூட்டிவந்தேன். அந்த இடத்தில் மறுபடி தைக்கப்போவதில்லை, குடல் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை பொருத்துவோம், சில மாதம் கழித்து உள்ளே சேர்ப்போம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். உயிருக்கு ஆபத்து இருப்பதையும் மறைக்கவில்லை. அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, மனைவி கையில் இன்னொரு பொட்டலத்தோடு ஒதுங்கி நிற்பதைப் பார்த்தார். "அவளுக்கு ஒரு நாற்காலி போடுங்க சிஸ்டர். ஒக்காந்து கும்புட்டுக்கட்டும். அவளுக்கு அது வேணும்" என்றார்.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "உங்களுக்குப் பயமா இல்லையாண்ணா?"

"பயந்தான். அதனாலதான் இத்தன கேள்வி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மற்றவர்கள் ஜெபத்தில் தேடும் தைரியத்தை இவர் தெரிந்துகொள்வதில் தேடுகிறார். மேட்ரனிடம் அனுமதி வாங்கி நானும் தியேட்டருக்குள் போனேன். மயக்க மருந்து கொடுப்பவரிலிருந்து ட்ராலி தள்ளியவர் வரை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினேன். ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் அது எதற்கென்று சொன்னேன். கடைசியில், "மனசுக்குள்ள நான் ஜெபம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டேன். "உங்க மனசு, நீங்க பண்ணிக்குங்க" என்று சிரித்தார். சிரித்தபடியே கண் செருகியது.

பிழைத்துக்கொண்டார். மறுநாள் கண் விழித்ததும் அவர் கை மெல்ல நெற்றிக்குப் போனது. "ஒண்ணும் வைக்கலண்ணா" என்றேன். வலியிலும் உதடு விரிந்தது. மூன்று வாரம் கழித்து, மனைவியின் தோளைப் பிடித்து நடந்தே வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு, மனசுக்குத் தெம்பு தருவது எது என்று எல்லோரிடமும் கேட்க ஆரம்பித்தேன். வைத்திக்குப்பத்து மீனவப் பெண் ஒருவர் கடல் பக்கம் இருக்கும் ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்றார். தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கர் ஒருவர், இப்போதைக்குப் பாதிரியாரைக் கூப்பிட வேண்டாம், மகளை மட்டும் வரச் சொல்லுங்கள் என்றார். பதில்களை நான் ஒருமுறைகூடச் சரியாக ஊகித்ததில்லை.

இத்தனை வருடம் கழித்தும், ஒரு புது நோயாளியின் கட்டிலை நெருங்கும்போது இவரைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். என் வேலையை நான் ஓரளவு ஒழுங்காகச் செய்கிறேன் என்றால், அது அந்த நினைப்பால்தான்.