ஊசிக்கு முன் கேட்ட கேள்வி

இரண்டாவது முறை உண்டாகியிருந்தபோது, மூன்றாம் மாதத்தில் மரபணு டாக்டரைப் பார்க்கப் போனோம். நான், கணவர், அத்தை, ஐந்து வயது மகள். அத்தை என் அப்பாவின் அக்கா. அவருடைய மகனைத்தான் கட்டியிருக்கிறேன். மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அறுவை சிகிச்சை செய்து, காதுக்குப் பின்னால் கருவி மாட்டியிருக்கிறாள். அடுத்த பிள்ளைக்கும் இப்படி வருமா என்று தெரிந்துகொள்ளத்தான் போனோம். தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று மட்டும் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

டாக்டர் வட்டமும் சதுரமுமாக எங்கள் குடும்பத்தை ஒரு தாளில் வரைந்தார். எனக்கும் கணவருக்கும் நடுவில் இரட்டைக் கோடு. சொந்தத்தில் கட்டியவர்களுக்கு அப்படித்தான் போடுவார்களாம். பரீட்சைத் தாளில் தப்பை அடிக்கோடிட்ட மாதிரி எனக்குப் பட்டது.

"குடும்பத்துல வேற யாருக்காவது காது கேக்காம இருக்கா?"

"எங்க வம்சத்துல ஒரு குறையும் கெடையாது, டாக்டரம்மா" என்றார் அத்தை.

"அப்ப சித்தப்பா?" என்றேன்.

"அவனுக்கென்னடி? நல்லாத்தான இருக்கான். எழுமலையில எம்புட்டு மாடு வாங்கி விக்கிறான்! பேரன் பேத்தியும் எடுத்துட்டான்."

சித்தப்பாவுக்குப் பிறந்ததிலிருந்து காதும் கேட்காது, பேச்சும் வராது. ஊரே அவரிடம் கையால் பேசும், கையாலேயே சண்டையும் போடும். அத்தை பொய் சொல்லவில்லை. தம்பியை அந்தக் கேள்விக்குள் வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். டாக்டர் சித்தப்பாவுக்கான சதுரத்தைக் கறுப்பாக நிரப்பினார்.

எங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு அவர் மேசையில் இருந்தது. இருவரிடமும் ஒரே மரபணு மாற்றம். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அடுத்த மாதம் வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தால் உறுதியாகத் தெரிந்துவிடும் என்றார்.

"ஆனா ஊசிக்கு முன்னாடி ஒண்ணு யோசிச்சுட்டு வாங்க. அதேதான்னு வந்தா என்ன பண்றதா இருக்கீங்க?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று அங்கே பலகை மாட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் அந்தப் பலகை எதற்கு வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பெண் என்று வேண்டாம் என்றால் குற்றம். காது கேட்காது என்று வேண்டாம் என்றால் சிகிச்சையா? டாக்டரிடமே கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

பிளஸ் டூ விலங்கியலில் இனமேம்பாட்டியல் என்று ஒரு பாடம் உண்டு. நல்ல பண்புள்ளவர்களை நிறையப் பிள்ளை பெறச் செய்வது ஒரு வகை, குறையுள்ளவர்களைப் பெறவிடாமல் தடுப்பது இன்னொரு வகை. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். குறையுள்ளவர்கள் யார் என்று வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை. அன்று ராத்திரி பழங்காநத்தம் வீட்டில் மகளைத் தூங்க வைத்துவிட்டு அதைக் கைபேசியில் தேடிப் படித்தேன். சில நாடுகளில் சட்டம் போட்டு, காது கேளாதவர்களுக்கும் பிள்ளை பிறக்காதபடி அறுவை செய்திருக்கிறார்கள். செய்தவர்கள் ரவுடிகள் இல்லை. படித்தவர்கள், பிள்ளைகளின் நன்மை என்று நம்பியவர்கள். அந்தச் சட்டம் எழுமலையில் இருந்திருந்தால் சித்தப்பாவுக்குப் பேரன் இல்லை.

ஆனால் என்னை எந்தச் சட்டமும் வற்புறுத்தவில்லையே? அதனால் இது வேறாகிவிடுமா? பள்ளி வாசலில் நிற்கும் அம்மாக்கள், "இப்பத்தான் எல்லா டெஸ்ட்டும் வந்துருச்சே" என்கிறார்கள். குறையில்லாமல் பிறக்கத்தானே தினமும் சத்து மாத்திரை போடுகிறேன்? மாத்திரை சரியென்றால் எந்த இடத்தில் தப்பாகிறது?

"தெரிஞ்சுக்கிறதுல என்ன இருக்கு?" என்றார் கணவர்.

"தெரிஞ்சுக்கிட்டு?"

"அப்பப் பாப்போம்."

ஊசி போடும் நாளில் மகளுக்குப் பள்ளி விடுமுறை. கூடவே வந்தாள். கருவியில் சார்ஜ் தீர்ந்து, டாக்டரின் உதட்டையும் என் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். நான் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு, "இன்னொண்ணும் இப்படின்னா என்னால முடியாது டாக்டர்" என்றேன்.

அவளிடம் பேசும்போது வாயை மறைக்கவே கூடாது என்பது பேச்சுப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். மகள் எழுந்து வந்து துப்பட்டாவை இழுத்தாள்.

"வாயக் காட்டும்மா. என்ன சொன்ன?"

"ஊசி வலிக்குமான்னு கேட்டேன்."

"வலிக்காது. எனக்குப் போட்டாங்கள்ல?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையை விட வைத்து அவளை அத்தை வெளியே கூட்டிப்போனார். நான் படுத்தேன்.

முடிவு வந்தது. பிள்ளைக்கு அந்தக் குறைபாடு இல்லை. அத்தை அழுதார், கணவர் அல்வா வாங்கி வந்தார். எனக்கும் மூச்சு வந்தது. நான் துப்பட்டாவுக்குள் சொன்னதைச் செய்திருப்பேனா, முடிவு கையில் வந்ததும் மாறியிருப்பேனா, இன்றுவரை தெரியாது. சந்தோஷப்பட்டதுகூட மகளுக்கு எதிரானதா என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.

அவளே வந்து கேட்டாள். "பாப்பாவுக்குக் காது கேக்குமாம்மா?"

"கேக்கும்."

"மெஷின் வேணாமா?"

"வேணாம்."

தன் காதுக்குப் பின்னால் இருந்த கருவியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப தூங்கும்போது கழட்டி வைக்க முடியாதா? ராத்திரியெல்லாம் பஸ்ஸு, நாயி எல்லாம் கேட்டுக்கிட்டே இருக்குமா?"

"ஆமா."

"அய்யோ, பாவம்மா பாப்பா" என்றாள்.