இதிலென்ன சாரின் துண்டுச் சீட்டு

அலுவலகத்தில் அவருக்கு ‘இதிலென்ன சார்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. காப்புரிமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னலுக்கும் குடிதண்ணீர் இயந்திரத்துக்கும் நடுவே உட்கார்ந்து பத்தொன்பது வருடமாகக் கண்டுபிடிப்புகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார். இவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “இதுல என்ன இருக்கு?” என்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அதைக் கேட்பதற்குத்தான் அவரை வைத்திருந்தார்கள். ஒன்று புதிதாக இருந்தால் மட்டும் போதாது, அந்தத் துறை தெரிந்த சாதாரண ஆளுக்குச் சுலபமாகத் தோன்றிவிடக் கூடியதாகவும் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விடையைப் பார்த்த பிறகு எந்தக் கணக்கும் சுலபம்தான். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இதை அவரே ஒரு மணி நேரம் வகுப்பெடுப்பார். அந்தக் குழியில் தான் விழாமல் இருக்க ஒரு வழக்கமும் வைத்திருந்தார். விண்ணப்பத்தில் பிரச்சினையைச் சொல்லும் பக்கத்தை மட்டும் முதலில் படிப்பார். தீர்வு இருக்கும் பக்கங்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுவார். பிறகு தானே யோசித்து, தோன்றியதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தேதி போடுவார். அதற்கப்புறம்தான் ரப்பர் பேண்டு கழலும். தீர்வு சீட்டிலேயே இருந்தால் விண்ணப்பத்துக்கு ஆட்சேபணை. இல்லாவிட்டால் கண்டுபிடித்தவருக்கு மரியாதை.

வீட்டில் இந்த மரியாதை யாருக்கும் கிடைத்ததில்லை. திறக்காத ஜாடி மூடியோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டுவார். பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் மனைவி, ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு ஒரே திருகில் திறந்துவிடுவாள். “இதத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்பார் இவர், கொஞ்சமும் கூசாமல்.

“எழுதி வெச்சிருந்தீங்களா?” என்பாள் அவள்.

கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட எழுதி வைத்திருக்கவில்லை. இப்போது பால்கனிக் கதவு. காற்றடித்தால் படார் படாரென்று அடித்துக்கொள்ளும். கீலுக்கு எண்ணெய் விட்டார், இடுக்கில் அட்டை மடித்துச் செருகினார், ஒரு மாதமாக ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அவளைக் கிட்டே விடவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஒரு வேதியியல் டீச்சரின் விண்ணப்பம் விசாரணைக்கு வந்தது. வகுப்பை வீடியோ காலில் நடத்துகிற டீச்சர் அவர். ஆசிரியர் எழுதும் ஒயிட்போர்டும் அவர் முகமும் குரலும் ஒரே திரையில் தெரியும்படியான மென்பொருள். ஏற்கெனவே நாலு பேர் செய்ததுதான். ஆனால் அதில் ஒரு தொல்லை இருந்தது. பேனாக் கோடு லேசானது, உடனே போய்ச் சேரும். முகமும் குரலும் கனமானவை, இணைப்பு மோசமாக உள்ள பிள்ளைக்குத் தாமதமாகவே வரும். “இந்த அம்புக்குறியப் பாருங்க” என்ற குரல் வந்து சேருவதற்குள் ஆசிரியர் அம்புக்குறியை அழித்திருப்பார். டீச்சரின் தீர்வு, போர்டைக் காக்க வைப்பது. எந்தப் பிள்ளைக்குக் குரல் எவ்வளவு பிந்துகிறதோ, அந்தப் பிள்ளையின் திரையில் போர்டும் அவ்வளவு பிந்தும்.

இதிலென்ன சார் இரண்டு பழைய ஆவணங்களை மேற்கோள் காட்டி, ‘யாருக்கும் சுலபமாகத் தோன்றக்கூடியது’ என்று ஆட்சேபணை எழுதியிருந்தார். எழுப்பிய ஆட்சேபணையை அவர் இதுவரை திரும்பப் பெற்றதே இல்லை. அந்தப் பெருமையை அவர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது மாடி முழுக்கத் தெரியும். வக்கீல்கூட வைத்துக்கொள்ளாத டீச்சருக்கோ இதுதான் கடைசி வாய்ப்பு. இன்றைக்கு விண்ணப்பம் தள்ளுபடியானால், பள்ளி விட்டு வந்து உட்கார்ந்து செய்த நாலு வருட வேலை அதோடு போச்சு.

விசாரணையும் வீடியோ காலில்தான். பிரிவுத் தலைவி தன் அறையிலிருந்து சேர்ந்துகொண்டார். டீச்சரின் இணைப்பு திக்கித் திக்கி வந்தது.

“சார், நீங்க காட்டின ரெண்டு ஆவணமும் வேகத்தத்தான் கூட்டப் பாக்குது. பதினோரு வருஷமா எல்லாரும் வீடியோவப் பிடிச்சு முன்னாடி தள்ளிட்டே இருந்தாங்க. போர்ட நிறுத்தி வைக்கலாம்னு ஒருத்தருக்கும் தோணலியே சார்?”

“தோணாமயா இருந்திருக்கும், டீச்சர்? யாரும் மெனக்கெடல, அவ்வளவுதான். பிரச்சினையப் படிச்சதுமே எனக்கே தோணுச்சு.”

அதை அவர் மனதார நம்பித்தான் சொன்னார். ஆவணத்தின் பக்க எண்ணைச் சொல்வதற்காக ஃபைலைப் புரட்டினார். பின்னட்டையில் ரப்பர் பேண்டுக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கையெழுத்துதான். தேதியும் இருந்தது.

‘1. வீடியோவின் தரத்தைக் குறைக்கலாம். 2. முகத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் அனுப்பலாம். 3. இணைப்பை வேகப்படுத்த வேண்டும். வேறு வழியே இல்லை.’

கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தார்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீட்டை எழுதியது ஒரு சமயம், வேலை குவிந்ததில் அறிக்கை எழுதியது நாலு மாதம் கழித்து. நடுவில் ஒருநாள் ரப்பர் பேண்டைக் கழற்றி டீச்சரின் தீர்வைப் படித்திருக்கிறார். வாடகைக்கு வந்த அந்த யோசனை, நாலு மாதத்தில் வீட்டுச் சொந்தக்காரன் மாதிரிப் பேச ஆரம்பித்திருக்கிறது. மற்றவர்களுக்கு வகுப்பெடுத்த அதே குழிக்குள் தானே சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறார்.

சீட்டை யாரும் பார்க்கவில்லை. கேமராவுக்கு அவர் கழுத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டால் முடிந்தது விஷயம். மடிக்கவும் செய்தார். ‘எழுதி வெச்சிருந்தீங்களா?’ என்று பழகிய குரல் ஒன்று காதில் கேட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“சார், இருக்கீங்களா?” என்றார் பிரிவுத் தலைவி.

“இருக்கேன் மேடம். ஒரு சீட்டு படிக்கணும்.”

மூன்று வரியையும் படித்தார். ‘வேறு வழியே இல்லை’ என்பதையும் விழுங்காமல் படித்தார். இரண்டு கோடு போட்டிருப்பதையும் விடாமல் சொன்னார். “டீச்சர், எனக்குத் தோணல. தோணுச்சுன்னு நெனச்சுட்டேன். ஆட்சேபணைய வாபஸ் வாங்கிக்கறேன்.”

டீச்சரின் முகம் வாயைப் பிளந்தபடி திரையில் உறைந்து நின்றது. இதிலென்ன சார் வழக்கத்துக்கு மாறாக, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். குரல் மெதுவாக வந்து சேர்ந்தது.

“முதல் ரெண்டு வருஷம் நானும் அந்த மூணத்தான் சார் செஞ்சு பாத்தேன்.”

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அந்த இணைப்பில் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நல்ல காற்று. பால்கனிக் கதவு அகலத் திறந்து, சத்தமே இல்லாமல் நின்றது. மனைவி அதன் கைப்பிடியில் தன் கனத்த தோள்பையை மாட்டியிருந்தாள். கனத்துக்குக் கதவு அசையவில்லை. அவள் மருத்துவமனைச் சீருடையைக்கூட மாற்றாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறந்தார். அவளும் தன் கேள்வியோடு தயாரானாள்.

“இது எனக்குத் தோணவே இல்ல” என்றார்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “என்ன சொன்னீங்க?”

“தோணல. ஒரு மாசம் யோசிச்சும் தோணல.”

அவள் கிட்டே வந்து அவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். மேஜையிலிருந்த பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள். “எழுதிக் குடுங்க.”

ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார். கையெழுத்தும் போட்டார். வாங்கி இரண்டு தரம் படித்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்காமலே சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

“தேதி போடுங்க” என்றாள்.