இரும்பில் இறங்கிய குங்குமம்

இரும்புக்கு ஈரச் சந்தனம் வைக்கலாம் என்று முதலில் சொன்ன மனுஷன் மட்டும் என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். ஆயுத பூசையில் அரிவாள்மணைக்கு வை, மண்வெட்டிக்கு வை, நான் ஏன் கேட்கிறேன்? மறுநாள் கல்லில் தேய்த்தால் போய்விடும். என் கணவரின் பூட்டனார் கோட்டுப் பைக்குள் வைத்துத் திரிந்த கைத்துப்பாக்கிக்கு வைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான் அது. சுடாது. சுடவே முடியாத பழம்பொருள் என்று அதிகாரிகள் பார்த்து எழுதிக்கொடுத்த கடிதம் பீரோவில் இருக்கிறது. நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது தேங்காய் எண்ணெய் பிசுபிசுக்க ஒரு தோலுறைக்குள் கிடந்தது. தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் நான். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசினாகிவிடும் என்று சொல்லி வெளியே எடுத்தேன். அன்றிலிருந்து இருபத்தைந்து வருஷமாக அது என் பொறுப்பு.

ஐந்தருவிக்குப் போகிற சாலையில் எங்கள் வீடு. சாரல் காலத்தில் தீப்பெட்டியே நமுத்துப்போகும். அந்த மாதங்களில் வாரம் ஒரு முறை துப்பாக்கியை எடுத்துப் பார்ப்பேன். கையுறை இல்லாமல் தொடமாட்டேன். வியர்வையில் இருக்கிற உப்பு போதும், விரல் ரேகை அப்படியே துருவாக எழுந்துவரும். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டைத் துணியில் விட்டு இரும்பை மட்டும் துடைத்து, மிச்ச எண்ணெயை இன்னொரு துணியால் எடுத்துவிடுவேன். மரப்பிடிக்கு எண்ணெய் ஆகாது, கொஞ்சம் மெழுகு. பெட்டிக்குள், புதுச் செருப்போடு வருமே, ஈரம் உறிஞ்சுகிற பொட்டலங்கள், அவற்றைப் போட்டு வைப்பேன். அவற்றைச் சேர்த்துவைப்பதால் மாமியார் வாயில் எனக்குப் 'பொட்டலக்காரி' என்று பெயர்.

என் கொழுந்தன் போலீசில் இருக்கிறான், வெளிமாவட்டத்தில். வருஷத்தில் ஒரு தடவை ஆயுத பூசைக்கு வருவான். துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பான். 'எங்கள் பரம்பரை' என்று அது போனில் ஊரெல்லாம் சுற்றும். நோகாமல் நுங்கு தின்பது என்றால் இதுதான்.

முன்பெல்லாம் சந்தனத்துக்குப் பதிலாக மேலே ஒரு பூவை வைத்துச் சமாளித்துவிடுவேன். போன வருஷம் நான் சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்ப் பசையில் சந்தனம் ஒட்டவில்லை என்று, பாத்திரம் விளக்குகிற பொடியைப் போட்டுத் தேய்த்திருக்கிறான். நான் பூசையறைக்கு வந்து பார்த்தால் இரும்பு அம்மணமாகப் பளபளக்கிறது. மூன்று இடத்தில் ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"தம்பி, துரு ஏறிரும். இப்பவே தொடைச்சிருதேன்" என்றேன்.

"மதினி, லேப் பாடமெல்லாம் பள்ளிக்கூடத்தோட வச்சுக்கிடுங்க. பூசையில வச்சதை நாளைக்குத்தான் எடுக்கணும்" என்றான்.

அன்றைக்கு முழுக்க மழை. மறுநாள் காலையில் சந்தனத்தை உதிர்த்தபோது அடியில் மூன்று செம்பொட்டுகள் இருந்தன. புத்தம்புதுத் துரு. நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏலே, இங்கன வந்து பாருங்கலே! குங்குமம் இரும்புக்குள்ள எறங்கிருக்கு. அம்மன் நம்ம வீட்டுக்கு வந்துருக்கா!"

"அத்தை, அது துரு."

"சும்மா கெட ஏட்டி!"

அக்கம்பக்கத்தார் வந்தார்கள். ஈரக் கையால் துப்பாக்கியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிப் பூசையறையிலேயே வைத்துவிடலாம், இனி யாரும் எண்ணெய்த் துணியோடு பக்கத்தில் வரக்கூடாது என்றான் கொழுந்தன். யாரும் என்றால் நான்தான். "துருப்பா அது" என்று மறுபடியும் சொன்னேன். நிலையில் சாய்ந்து நின்ற என் கணவர் கூரையைப் பார்த்தார். இன்னும் பத்து நாள் இப்படியே கிடந்தால் துரு இரும்பைக் குடைந்து குழி போட்டுவிடும். அதன்பிறகு யாராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அப்போதுதான் அது என் வாயில் வந்தது.

"நான் தூரம்" என்றேன். "நேத்துக் காலையிலருந்து. வேலைக்கு ஆள் இல்லையேன்னு சொல்லல. அந்தக் கையாலதான் இதைப் பெட்டியில இருந்து எடுத்து வச்சேன்."

பக்கத்து வீட்டு அக்கா, கண்ணில் ஒற்றிய கையைச் சேலையில் துடைத்தாள். சுடாத துப்பாக்கி கொழுந்தன் கையைச் சுட்டுவிட்டது. சட்டென்று பலகையில் வைத்தான். "நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க மதினி. இனிமே இது பூசைக்கு வேண்டாம்." என்னைத் திட்டிக்கொண்டே மாமியார் தீட்டுக் கழிக்க மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார். மறுபடியும் தண்ணீர்! துப்பாக்கியை அள்ளிக்கொண்டு எங்கள் அறைக்கு ஓடினேன்.

எண்ணெயில் ஊறவிட்டு, மூங்கில் குச்சியைச் சீவித் துருவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். கை அதுபாட்டுக்கு வேலை பார்த்தது, மனசு கொதித்தது. துரு என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன், ஒருவர் காதிலும் ஏறவில்லை. தீட்டு என்றதும் துப்பாக்கியே கைக்கு வந்துவிட்டது. எந்தச் சொல்லால் என்னை மாதாமாதம் ஒதுக்கி நிறுத்தினார்களோ அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு ஜெயித்திருக்கிறேனே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

என் கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அது நின்று இரண்டு வருஷமாகிறது. மாதத்தில் மூன்று நாள் அடுப்படிப் பக்கம் போகாமல் கிடைக்கிற ஓய்வை விட மனசில்லாமல் மாமியாரிடம் சொல்லவில்லை. இவருக்கு மட்டும் தெரியும்.

"ஏன் பொய் சொன்னே?" என்றார் மெதுவாக.

"நெசத்தை மூணு தரம் சொன்னேன். நீங்களும் அங்கனதான நின்னிய?"