திறக்காத அருவி

போன வருடம் ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. பால் காய்ச்சும்போது கேஸ் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டரைத் தூக்கி மாட்டச் சொல்லி என் வீட்டுக்காரரை நச்சரித்தேன். எனக்கு எதற்கும் பொறுமை கிடையாது. அவர் தூக்கினார். தூக்கியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"முதுகுல யாரோ துணியக் கிழிக்க மாதிரி இருக்குட்டி" என்றார்.

அவர் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். லேசில் வலி என்று வாய் திறக்கமாட்டார். அன்று சட்டை நனைய வேர்த்தது. நெஞ்சில் தொடங்கிய வலி இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே போய், இடுப்புக்கு இறங்குகிறது என்றார்.

முதுகுப் பிடிப்புக்கு எங்கள் கடையத்துப் பக்கம் ஒரே வைத்தியம்தான். உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலம் பேரருவியில் முதுகைக் கொடுத்து நிற்பது. சாரல் காலமும் தொடங்கியிருந்தது. நானே அழுத்தி அழுத்தி எண்ணெய் தேய்த்தேன். கொழுந்தனைக் காரோடு வரச் சொன்னேன்.

தென்காசியைத் தாண்டும்போது கொழுந்தன் கேட்டான். "மதினி, முதல்ல ஆஸ்பத்திரில காட்டிருவமா?"

"வாய்வுப் பிடிப்புக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாவளா? நீ வண்டிய விடு."

நான் குற்றாலத்துக் கோயிலில் இருக்கும் குழல்வாய்மொழி அம்மையை நம்புகிறவள். ஆனால் உட்கார்ந்து கும்பிட வராது. விளக்கேற்றும்போதே அடுப்பை எட்டிப் பார்ப்பேன். அன்று மட்டும் கார் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அம்மா, அருவியில் கூட்டம் இருக்கக் கூடாது, இவர் நேராகப் போய்த் தண்ணீருக்கடியில் நிற்க வேண்டும், வலி தண்ணீரோடு போய்விட வேண்டும். மூன்று தடவை கேட்டேன்.

போய்ப் பார்த்தால் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறது. மலையில் பெய்த மழையில் வெள்ளம், யாருக்கும் குளிக்க அனுமதி இல்லை. ஒரு பெண் போலீஸ் விசில் ஊதிக்கொண்டு நின்றாள். நான் அவரைக் கைத்தாங்கலாக இறக்கி, அவளிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"எங்க வீட்டுக்காரரும் உங்க ஆளுதான் தாயி. ஏட்டா இருந்தவரு. ஓரமா ரெண்டு நிமிஷம் நின்னுட்டு வந்துருவாரு."

"கலெக்டரே வந்தாலும் விட முடியாதுக்கா" என்றவள், அவரை உற்றுப் பார்த்தாள். "ஏட்டையாவால நிக்கவே முடியலயே. முகம் வெளுத்துக் கெடக்கு. இவரையா அருவில விடச் சொல்லுதிய? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"நீ உன் சோலியப் பாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஐந்தருவிக்கு ஓட்டச் சொன்னேன். அங்கேயும் கயிறு. எனக்கு அம்மை மேலேயே கோபம் வந்தது. நான் ஒன்று கேட்டால் நீ ஒன்று செய்கிறாயே, உனக்குக் கண்ணில்லையா என்று மனதுக்குள் ஏசினேன்.

அப்போதுதான் அவர் மெதுவாகச் சொன்னார். "இடது கை மரத்துப் போச்சுட்டி. எங்கப்பாவும் இப்படித்தான் வயல்ல முதுகு வலிக்குன்னு உக்காந்தாரு."

மாமனார் அன்று எழுந்திருக்கவே இல்லை. அது எனக்குத் தெரியும். அருவியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஆளை மட்டும் எனக்கு விட்டுவிடு என்று கும்பிட்டேன். வண்டியைத் திருப்பினோம்.

தென்காசி ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்க நெஞ்சில் ஒட்டிய வில்லைகள் எண்ணெயில் வழுக்கி வழுக்கி விழுந்தன. நர்சம்மா துணியால் துடைத்துத் துடைத்து ஒட்டினார். நான் தேய்த்த எண்ணெய். கூனிக் குறுகி நின்றேன். ஈசிஜியில் மாரடைப்பு இல்லை என்றார்கள். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் நர்சம்மா விடவில்லை. இடது கையில் நாடி சரியாகக் கிடைக்கவில்லை என்று இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தார். வலது கையில் எக்கச்சக்கம், இடது கையில் பாதிதான். டாக்டர் ஓடி வந்தார். மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள்.

இதயத்திலிருந்து உடம்புக்கெல்லாம் ரத்தம் கொண்டு போகும் பெரிய குழாய், மகாதமனி. அதன் உள்சுவர் கிழிந்து, ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்து கிழித்துக்கொண்டே இறங்குகிறதாம். பிரஷரைக் கவனிக்காமல் விட்டதுதான் முக்கிய காரணம் என்றார்கள். நாலு மாதமாக அவர் பிரஷர் மாத்திரை போடவில்லை. தலைசுத்தல்தான் இல்லையே, மாத்திரை எதற்கு என்று சொன்னவளும் நான்தான்.

"அருவிக்குப் போனோம், கயிறு கட்டி வச்சிருந்தாங்க" என்று கொழுந்தன் சொன்னான்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "குளிர்ந்த தண்ணி அந்த அடி அடிச்சா பிரஷர் இன்னும் ஏறும்மா. குழாய் வெடிச்சிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும்."

யாரை ஏசிவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது.

பிரஷரையும் நாடித் துடிப்பையும் குறைக்க மருந்து ஏற்றிக்கொண்டே ஆம்புலன்சில் மதுரைக்குக் கொண்டு போனார்கள். நெஞ்சைத் திறந்து, கிழிந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, செயற்கைக் குழாய் வைத்துத் தைத்தார்கள். அத்தனை மணி நேரமும் நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே அம்மை பெயரைச் சொன்னேன். மூன்றாம் நாள் கண் விழித்தவர், "சிலிண்டர மாட்டிட்டியா?" என்று கேட்டார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இப்போது மாத்திரை டப்பா அம்மை படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. விளக்கேற்றியதும் மாத்திரை. இது குடும்பத்தில் வரக்கூடியது என்று டாக்டர் சொன்னதால் கொழுந்தனுக்கும் ஸ்கேன் எடுத்தோம். அவனுக்கும் அதே குழாய் லேசாக வீங்கியிருந்தது. சிகரெட்டை விட்டுவிட்டான், மாத்திரை போடுகிறான், தவறாமல் பரிசோதனைக்குப் போகிறான்.

நீங்களும் அம்மையிடம் கேளுங்கள். ஆனால் கேட்டது கிடைக்கவில்லை என்றால் என்னைப் போல ஏசாதீர்கள். திடீரென்று நெஞ்சிலோ முதுகிலோ கிழிக்கிற மாதிரி வலி வந்தால் எண்ணெயைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அம்மை அங்கேயும் இருக்கிறாள்.

இந்த வருடச் சாரலுக்குக் குற்றாலம் போனோம். அந்தப் பெண் போலீசைத் தேடினேன், காணவில்லை. பெயர் தெரியாத அவளுக்கும் சேர்த்து அர்ச்சனை செய்தேன். அருவி திறந்திருந்தது. அவர் துண்டைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்க, நான் மட்டும் போய் முதுகைக் கொடுத்தேன். அம்மிக்கல்லைத் தூக்கிப் போட்டது போல அடித்தது. மூச்சே நின்றுவிட்டது. இதற்கடியில்தான் அவரை நிறுத்தச் சொல்லி மூன்று தடவை கேட்டிருக்கிறேன்.

"போதும்ட்டி, வெளிய வா" என்று அவர் குரல் கேட்டது. அந்தக் குரலுக்காகவே இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.