அக்கா நிறுத்திய சக்கரம்

கரெண்டே இல்லாமல் ஓடுகிற மோட்டார் எங்கள் வீட்டுக்கு வரப்போகிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்தது நான்தான். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சித்தப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ரகசியத்தைக் கொடுத்தது அவருடைய தப்பு.

ஆந்திராவில், கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்குள் தமிழ், வாசல்படி தாண்டினால் தெலுங்கு. கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் மாமரம், ஒரு போர்க் கிணறு. அந்த போரை நம்பித்தான் சாப்பாடு. வயல் மோட்டாருக்கு வருகிற கரெண்டுக்குக் காசு கிடையாது, ஆனால் அது வருகிற நேரம் நம் கையில் இல்லை. ஒரு வாரம் பகலில் வரும், மறுவாரம் ஊரே தூங்குகிற நேரத்தில் வரும். வந்ததும் யாராவது எழுந்து ஓடிப்போய் ஸ்டார்ட்டர் பெட்டியில் பட்டனை அழுத்த வேண்டும். இல்லையென்றால் பயிர் காயும்.

தாத்தா செத்துப்போனது அந்தப் பெட்டியில்தான். மழை பெய்து ஓய்ந்த ஒரு ராத்திரி, ஈரக் கையோடு தொட்டுவிட்டாராம். நான் அப்போது பிறக்கவில்லை. அன்றைக்குப் போயிருக்க வேண்டியவர் சித்தப்பா. காய்ச்சல் என்று படுத்துக்கொண்டதால் தாத்தா போனார். இதை எங்கள் வீட்டில் மறைத்ததும் இல்லை, உட்கார்ந்து பேசியதும் இல்லை. அதற்குப் பிறகு சித்தப்பா இருட்டில் அந்தப் பெட்டிப் பக்கமே போனதில்லை. நைனா, அதாவது என் அப்பா, அவரைப் போகச் சொன்னதும் இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு நைனாவே போய்விடுவார். எனக்கு இதெல்லாம் தெரியும். எங்கள் பசுவுக்கு ஒரு கொம்பு வளைந்திருக்கும் என்று தெரிவதுபோலத் தெரியும், அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. செல்போன் வாங்கிய புதிதில் அவர் ஒரு வீடியோவைப் பார்த்தார். எந்த ஊர்க்காரரோ, ஒரு சக்கரத்தைச் சுற்றிவிடுகிறார், பல்பு எரிகிறது, சக்கரம் நிற்கவே இல்லை. அன்றிலிருந்து சித்தப்பாவும் நிற்கவில்லை. கரும்பு ஆடுகிற பழைய எஞ்சினிலிருந்து ஒரு இரும்புச் சக்கரம் கிடைத்தது. சித்தூரிலிருந்து பழைய காரின் ஆல்டர்னேட்டர் வந்தது. பேட்டரி ஒரு சின்ன மோட்டாரை ஓட்டும், மோட்டார் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் ஆல்டர்னேட்டரைச் சுற்றும், அதிலிருந்து வருகிற கரெண்ட் பேட்டரியை நிரப்பி பல்பையும் எரிக்கும். கேட்கக் கேட்க எனக்கு வாயில் ஈ போவது தெரியாது. மாட்டுக்கொட்டகையில் அது உறுமிக்கொண்டு சுற்றும்போது பசுக்கள் கூளத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும்.

அக்கா மட்டும் அந்தப் பக்கம் வரமாட்டாள். அவள் புத்தூரில் இன்டர், அதாவது பிளஸ் டூ, படித்துக்கொண்டிருந்தாள், கணக்கும் சயின்ஸும். பத்தாவது முடிந்ததும் பொம்பளைப் பிள்ளைக்கு அவ்வளவு தூரம் எதற்கு என்று நைனா இழுத்தபோது, "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் கொண்டுபோயி விட்டுட்டு வரேண்ணா, நீ ஏன் பயப்பட்ற" என்று சண்டை போட்டுச் சேர்த்துவிட்டவர் சித்தப்பா. சொன்னபடி தினமும் காலையில் தன் மொபெட்டில் கொண்டுபோய் விட்டார். அது போதாதென்று விடியற்காலையில் அவள் பாடத்தை மனப்பாடம் சொல்லும்போது புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பார். தெலுங்கில் இருக்கும் சயின்ஸ் பாடம். "சக்தினி சிருஷ்டிஞ்சலேமு, நாசனம் சேயலேமு" என்று அவள் சொல்வதைக் கேட்டுத்தான் நான் பல நாள் கண் விழித்திருக்கிறேன். ஆற்றலை உண்டாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று அர்த்தம். ஒரு வார்த்தை விட்டாலும் சித்தப்பா எடுத்துக்கொடுப்பார். அவருக்கும் அது மனப்பாடம்.

வயல் மோட்டாரை ஓட்ட இந்தச் சின்ன மிஷின் போதாது, பெரிதாக ஒன்று செய்ய வேண்டும் என்று முடிவானது. அதற்குச் சாமான் வாங்க, கறக்கிற ஜெர்சிப் பசுவை விற்பது என்றும் பேச்சானது. அந்தப் பசுவின் பாலில்தான் எங்கள் வீட்டு மளிகையும் அக்காவின் பஸ் பாஸும் நடந்துகொண்டிருந்தன. அம்மா பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை மாட்டுத் தரகர் வந்தார். அக்கம்பக்கத்தாரும் வந்தார்கள். சித்தப்பா மிஷினுக்குப் பூ வைத்து, சக்கரத்தைச் சுற்றிக் குங்குமப் பொட்டுகள் வைத்து, கீழே ஒரு எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டிக் காட்டினார். சக்கரம் வேகம் எடுத்ததும் பொட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே சிவப்பு வளையமாகிவிட்டன. பல்பு பளிச்சென்று எரிந்தது. தரகர் கும்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நைனா தாம்புக்கயிற்றை அவிழ்க்கப் போனவர், என்ன தோன்றியதோ, நின்று அக்காவைக் கூப்பிட்டார்.

"நீ இன்டர் படிக்கிற புள்ள. இது நெஜமாவே ஓடுமா? நீ சொன்னா மாட்ட புட்சிக் குடுத்துட்றேன்."

அக்கா நைனாவைப் பார்க்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே, "சொல்லும்மா. புக்குல இன்னா கீதோ அத்தயே சொல்லு" என்றார்.

அவள் முதல்முறையாக மிஷினுக்குப் பக்கத்தில் வந்தாள். பிறகு மெதுவாக, "பேட்டரிய கழட்டு சித்தப்பா" என்றாள்.

"அது ஸ்டார்ட் ஆவறதுக்கு மட்டும்தாம்மா."

"ஸ்டார்ட்தான் ஆயிட்ச்சே. இப்ப கழட்டு."

சித்தப்பா குனிந்து வயரைக் கழற்றினார். சக்கரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் கைதட்டினேன். என்னோடு இன்னும் சிலரும் தட்டினார்கள். அப்புறம் பல்பு மஞ்சளானது. மஞ்சள் சிவந்து, உள்ளே கம்பி மட்டும் தெரிந்தது. உறுமல் குறைந்தது. சிவப்பு வளையம் உடைந்து பொட்டுகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக மேலே ஏறி, ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில் எலுமிச்சம்பழத்துக்கு நேராக ஒரு பொட்டு வந்து நின்றது. பசு கூளத்தை மெல்லும் சத்தம் கேட்டது.

"கனெக்‌ஷன் லூசு" என்று சித்தப்பா மறுபடியும் ஓட்டினார். மறுபடியும் நின்றது. "பெரிய ஆல்டர்னேட்டர் போட்டா நிக்காதுண்ணா" என்றார். எல்லோரும் அக்காவைத்தான் பார்த்தார்கள்.

"பெருசு போட்டா இன்னும் சீக்கிரமா நின்னுடும் சித்தப்பா" என்றாள் அக்கா. "இல்லாததுலேர்ந்து எதுவும் வராது. நீதான தெனமும் புக்க வச்சிக்கினு சரிபாத்த?"  முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நைனா கயிற்றை மறுபடி முளைக்குச்சியில் கட்டினார். தரகரைக் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். சித்தப்பா சக்கரத்திலிருந்த பூவை எடுத்துப் பசுவுக்குப் போட்டுவிட்டு, பொட்டுகளைத் தன் துண்டால் ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

எனக்கு அக்காமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நான்கு எழுத்து படித்துவிட்டால் வீட்டு ஆளையே ஊர் முன்னால் தலைகுனிய வைப்பதா? பள்ளிக்கூடத்தில் "மீ கரெண்ட் வச்சிந்தா?", உங்க கரெண்ட் வந்துடுச்சா என்று என்னைப் பார்த்தபோதெல்லாம் கேட்டுச் சிரித்தார்கள். சித்தப்பா இனி அக்காவை வண்டியில் ஏற்றமாட்டார், அவளுக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் நின்றாள், நடக்கவும் இல்லை, உள்ளே திரும்பவும் இல்லை. சித்தப்பா வண்டியைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் நிறுத்தினார். அவள் ஏறிக்கொண்டாள்.  தெருமுனை திரும்பும்போது அக்கா அவர் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டது தெரிந்தது. தூக்கம் என்று நினைத்தேன்.

அந்த வாரம் ராத்திரிக் கரெண்ட். நைனா எழுந்து ஆணியில் டார்ச்சைத் தேடினால், டார்ச் சித்தப்பா கையில் இருந்தது.

"நீ தூங்குண்ணா. நான் போயிட்டு வரேன்."

"உன்னால முடியாதுடா."

"தூங்குண்ணா."

அன்றிலிருந்து ராத்திரி முறை முழுக்க அவருடையதானது. அக்கா முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் வெளியே போகிறார் என்று நான் கண்டுபிடித்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். எதற்கு என்று புரியவில்லை.

அவர் போகிற ராத்திரிகளில் அக்காவும் எழுந்துகொள்வாள். புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிடுவாள். தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்கும். பிறகு டார்ச் வெளிச்சம் வரப்பின்மேல் ஆடி ஆடி வரும். அது வாசலுக்கு வந்த பிறகுதான் புத்தகத்தை மூடுவாள். வெளிச்சம் போட்டுத் தூக்கத்தைக் கெடுக்கிறாள் என்று நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

பரீட்சை எல்லாம் முடிந்து காலேஜுக்கு லீவு விட்டார்கள். அப்போதும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். லீவிலும் படிக்கிற அக்காவைப் பார்த்து எனக்குச் சிரிப்பாக இருந்தது.