கேபிள் சிவப்பிரகாஷும் கடைசி எபிசோடும்

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்து மண்ணில், தென்னைக்குத் தென்னை கறுப்புக் கம்பி தொங்கினால் அது சிவப்பிரகாஷ் இழுத்தது. மட்டை விழுந்தால் கம்பி அறும், கம்பி அறுந்தால் அவனுக்குப் போன் வரும், சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவான். அப்படி ஓடியே பாதி ஆயுள் போயிற்று. ஊரில் கொஞ்சம் பேர் மாடியில் டிஷ் வைத்துக்கொண்டார்கள், கொஞ்சம் பேருக்குச் செல்போனே போதும் என்றாகிவிட்டது. மிச்சமிருந்தவர்கள் அவனுடைய உள்ளூர் சேனலுக்காக மட்டுமே கேபிளை விடாமல் வைத்திருந்தார்கள். கோயில் பூஜை, சாவு அறிவிப்பு, கல்யாண வாழ்த்து, இவ்வளவுதான் அதில் ஓடும்.

அவனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அடுத்தவன் சரக்கை அதில் ஓட்டமாட்டான். புதுப்படம் ஒன்றை டவுன்லோடு செய்து போடச் சொல்லி இளவட்டங்கள் வந்து நிற்பார்கள். "எடுத்தவன் வகுத்துல அடிக்கறதுங்க அது, நம்மளால ஆகாதுங்க" என்பான். பிழைக்கத் தெரியாதவன் என்று ஊர் சிரித்தது. எனக்கு அவனைப் பிடித்ததே அதனால்தான்.

இந்த வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் வினை வந்தது. பெண்கள் வருஷக்கணக்காகப் பார்த்துவந்த ஒரு தொடர் அந்த வாரம் முடிகிறது. கடைசி எபிசோடு எந்த நேரத்தில் என்றால், மாவிளக்கு எடுக்கிற சாயங்காலத்தில். ஊரில் ஒரு பெண்பிள்ளை வீட்டில் இருக்கமாட்டாள். சேனல்காரனுக்கு எங்கள் அம்மனின் நாள் நட்சத்திரம் தெரியுமா என்ன? பணம் கட்டி ஆப்பில் பார்க்கலாம்தான். ஆனால் நோம்பிக்கு வீடு நிறைய ஒரம்பரை, சொந்தபந்தமெல்லாம், வந்திருக்கும்போது, எல்லோரும் கூடி உட்கார்ந்து பெரிய டிவியில் பார்ப்பது போல ஆகுமா?

கோயில் கமிட்டித் தலைவர் சென்னியப்பனின் மனைவி முத்தாத்தாள் நேராக சிவப்பிரகாஷ் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஏனுங் தம்பி, அந்தக் கடேசி நாள மட்டும் ரெக்கார்டு பண்ணி, மக்யாநாள் மத்தியானம் நம்ம சேனல்ல போட்டுடுங்க. பொம்பளைக எல்லாரும் கேக்கறாங்க."

"அது சேனல்காரங்க சொத்துங்க அத்தை. நானா எடுத்துப் போட்டா கேசுங்க."

"டிவியில வந்ததத்தான போடச் சொல்றம்? திருடியா போடச் சொல்றம்?"

டிவியில் ஊருக்கெல்லாம் வந்தது எப்படி ஒருத்தன் சொத்தாகும் என்று கேட்டால், அதைப் புரியவைக்கிற வித்தை அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

மறுநாள் சென்னியப்பனே வந்தார். குரலை உயர்த்தவில்லை. "இண்டர்நெட் கம்பெனிக்காரன் நம்ம தோப்பு வழியா ஒயர் இழுக்கோணும்னு கேக்கறான். உங்க கம்பி இருக்குதேன்னு நாந்தான் வேண்டாம்னு சொல்லீட்டு இருக்கறனுங்க" என்றார். அவருடைய தோப்பைத் தாண்டித்தான் மேற்கே உள்ள எல்லா வீடுகளுக்கும் கம்பி போகிறது. சிவப்பிரகாஷ் சரியென்று தலையை ஆட்டினான். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டான் என்று அவனைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஓணானைக் கொண்டுவந்து மடியில் கட்டிவிட்டது ஊர்.

அதோடு விட்டார்களா? நோம்பிக்கு உள்ளூர் சேனலில் வாழ்த்து ஓடவிடுவது எங்கள் வழக்கம். 'நாளை மதியம் கடைசி எபிசோடு மறுஒளிபரப்பு' என்ற அறிவிப்புக்குப் பக்கத்திலேயே, துண்டு போட்ட சென்னியப்பனின் படம், கீழே நோம்பி நல்வாழ்த்துகள். டிவியில் மாமன் முகம் வந்துவிட்டதென்று ஒரம்பரைகள் அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். கோயம்புத்தூர் வரை போயிற்று. எங்கே போகக்கூடாதோ அங்கேயும் போயிற்று.

மறுநாள் மதியம் தொடர் பாதி ஓடிக்கொண்டிருந்தது. அவன் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது, கூடவே சேனல் தரப்பு ஆள் ஒருவர்.

"சானலிண்டெ அனுமதி உண்டோ?" என்றார் எஸ்.ஐ.

"இல்லீங்க சார்" என்றான் சிவப்பிரகாஷ். பொய் சொல்லியிருக்கலாம். அதுவும் வரவில்லை.

கேபிள் பெட்டிகளை எல்லாம் பிடுங்கி ஜீப்பில் ஏற்றினார்கள், அவனையும் ஏற்றினார்கள். ஊரில் கேபிள் உள்ள எல்லா டிவியும் ஒரே நேரத்தில் இருண்டது. முதலில் வந்த போன்கள் அவனை விசாரிக்க வந்தவை அல்ல. 'ஏனுங்க, படம் நின்னுபோச்சே' என்று கேட்க வந்தவை. அவன் மனைவி செல்வப்பிரியாதான் எடுத்தாள்.

சென்னியப்பன் ஸ்டேஷனுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பினார். "போட்டோ குடுத்தது வாழ்த்துக்குங்க, அந்த நாடகத்துக்கும் நமக்கும் சம்பந்தமில்லீங்க" என்று அங்கே சொன்னாராம். சேனல்காரன் கேட்டதில் தப்பில்லை. அவன் பொருள், அவன் கேட்கிறான். சட்டமும் சரிதான். ஆனால் கேபிள் நின்றதும் ஊர் முழுக்க அந்தத் தொடரை டெலிகிராமில் இறக்கிப் பார்க்கிறது, அந்தக் கைகளில் ஒன்றையாவது சட்டம் பிடித்ததா? அதன் கைக்கு எட்டியது தென்னைமரத்தில் தொங்கின கம்பி மட்டும்தான்.

கோர்ட்டில் ஜாமீன் கொடுத்தார்கள். ஆனால் நிலம் வைத்திருக்கும் இரண்டு பேர், கரம், அதாவது நிலவரி, அடைத்த ரசீதோடு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை அவன் உள்ளே.

செல்வப்பிரியா வீடு வீடாகப் போனாள். எல்லாம் காணி உள்ள வீடுகள்தான். ஒருவர் ரசீது மகனிடம் இருக்கிறது என்றார். ஒருவர் நோம்பி முடியட்டும் என்றார். பக்கத்துத் தோப்புக்காரர் பழனிச்சாமி மட்டும், "தலைவரு போட்டா நானும் போடறனுங்க" என்றார். ஆக எல்லா வழியும் சென்னியப்பன் வீட்டுக்கே போய் நின்றது.

அங்கே போனபோது வாசல் நிறையச் செருப்பு. உள்ளே நடுக்கூடத்தில் ஒரம்பரைப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரோ செல்லில் இறக்கி டிவியில் போட்டிருந்தார்கள். நேற்று நின்றுபோன எபிசோடின் மீதிதான். முத்தாத்தாள் கதாநாயகிக்காக முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் நாற்காலியில் இருந்தார்.

"மாமா, ஜாமீன் விசயமா..." என்று ஆரம்பித்தாள் செல்வப்பிரியா.

முத்தாத்தாள் கையைப் பிடித்து அவளைப் பக்கத்தில் இழுத்தாள். உண்மையான பிரியத்தோடுதான்.

"உக்காரு கண்ணு, கடேசி சீனு. இது முடியட்டும், மாமன் வருவாரு."

செல்வப்பிரியா உட்கார்ந்தாள். எல்லோரும் பார்த்த பக்கமே அவளும் பார்த்தாள்.